அத்தை கட்டிய இன்சூரன்ஸ்

பெண் பார்க்க வருகிறவர்கள் சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்பார்கள். எனக்கு மாமியாராக வரவிருந்தவர் வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கேசரியைத் தொடுவதற்கு முன்பே என் அப்பாவிடம் கேட்டது வேறு. அப்பா வேலை பார்த்த அரிசி மில்லில் ஒருவருக்கு பெல்ட்டில் மாட்டிக் கை போயிருந்தது. "அந்த ஆளு இப்ப எப்படிப் பொழைச்சிக்கினு இருக்காரு?" என்று கேட்டார். மில்காரர் கொஞ்ச நாள் அரிசியும் பணமும் கொடுத்தார், பிறகு நின்றுவிட்டது, இப்போது அவர் மனைவிதான் கூலிக்குப் போகிறாள் என்று அப்பா சொன்னார். இந்த அம்மாள் பெண்ணைப் பார்க்க வந்தாரா, மில்லைப் பார்க்க வந்தாரா என்று எனக்குக் கோபம் வந்தது. அலங்காரம் செய்துகொண்டு நின்றதெல்லாம் வீணாகப் போகிறதே என்ற கோபம்தான்.

காரணம் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்த பிறகு தெரிந்தது. மாமனார் இறந்த பின் அத்தை, அதாவது என் மாமியார், தனியாளாக ஒரு பட்டறை நடத்திவந்தார். நெசவுக்குப் போகும் முன் பட்டு நூலை முறுக்கேற்றுகிற பட்டறை. அதுவரை கையால் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் அப்போதுதான் கரண்ட் மோட்டார் வைத்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. மோட்டார் வந்த தெம்பில் எல்லாரும் இருக்க, அத்தைக்கு மட்டும் பெல்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் யார் கை மாட்டுமோ என்ற கவலை. மோட்டார் ஓடுகிற இடத்தில் வேலையாளுக்கு அடிபட்டால் சட்டப்படி முதலாளிதான் நஷ்டஈடு தரவேண்டும், பட்டறை சின்னது என்று தப்பிக்க முடியாது, இன்சூரன்ஸ் கட்டியிருந்தால் கம்பெனி கொடுக்கும் என்று ஒரு ஏஜென்ட் சொல்ல, மறுநாளே கட்டிவிட்டார்.

தெருவில் சிரித்தார்கள். சிலர் பயந்தார்கள். நல்லா இருக்கிறவன் கை உடையும் என்று முன்கூட்டியே பணம் கட்டுவது நாமே வாய்வைத்துக் கெட்டதை வரவழைப்பது போல இல்லையா என்றார்கள். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருந்தது. எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் வேலைக்காரர் கிடையாது. அண்ணி பட்டறையில் ஒத்தாசை, மாமா தறியில் ஒத்தாசை, அவ்வளவுதான். சனிக்கிழமை கைமாறும் பணத்துக்குச் 'செலவுக்கு' என்று பெயர். கூலி என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார்கள். அத்தை ஒருவர்தான் அதைக் கூலி என்று சொல்லிக் கொடுப்பார். இந்த ராங்கிக்காரிக்கு வாய் நீளம் என்று பெயர் வாங்கியிருந்தார்.

ஒரு நாள் காலை எங்கள் பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நழுவிய பெல்ட்டைக் கையால் தள்ளி ஏற்றப் பார்த்த சின்ன மாமாவின் வலது கை விரல்கள் போய்விட்டன. சின்ன மாமா என் மாமனாருக்குத் தூரத்துப் பங்காளி, அத்தையிடம்தான் வேலை. தனியாகக் குடித்தனம், மூன்று பெண் குழந்தைகள். அத்தையை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை விசாரிக்க இன்சூரன்ஸ் ஆபீசர் வந்தார். நானும் அத்தையோடு போயிருந்தேன். வாசலில் தெருவே கூடியிருந்தது. எத்தனை வருஷமாக வேலை செய்கிறீர்கள், என்ன சம்பளம் என்று ஆபீசர் கேட்டார்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சின்ன மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் வேலைக்காரன் இல்லீங்க. அண்ணி வூடு எங்க வூடு. சும்மா ஒத்தாசைக்குப் போனேன்" என்றார். அண்ணி மேல் கேஸ் போடத்தான் அந்த மனிதர் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார், பாவம். கூடியிருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். பங்காளி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஒருவர் சொல்லவும் செய்தார். ஒத்தாசைக்கு வந்தவருக்கு நஷ்டஈடு கிடையாது என்பது அங்கே ஆபீசருக்கும் அத்தைக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீசர் பேனாவை மூடப் போனார்.

அத்தை சும்மா இருந்திருந்தால் மானமும் மரியாதையும் அப்படியே இருந்திருக்கும். "பொய் சொல்றாருங்க" என்றார். "இவரு என் கூலி ஆளு. சனிக்கிழமை சனிக்கிழமை நான்தான் கூலி குடுக்கறேன். என் வேலையிலதான் இவருக்குக் கை போச்சு. கூட வேலை செய்யறவங்களைக் கேளுங்க."

சின்ன மாமாவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கை போன ஆளை ஊருக்கு எதிரில் கூலிக்காரன் என்று சொல்லிவிட்டாளே என்று தெரு காறித் துப்பாத குறை. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அத்தை அழுதார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் அவருடைய மருமகள் என்பதில் எனக்கு வந்த பெருமையை இன்றுவரை வேறெதிலும் அடைந்ததில்லை.

நஷ்டஈடு வந்தது. சின்ன மாமா அதில் தன் வீட்டிலேயே இரண்டு தறி போட்டு ஆள் வைத்து நெய்தார். பெண்கள் படித்தார்கள். ஆனால் அத்தையை எங்கே பார்த்தாலும் "வாங்க முதலாளியம்மா" என்பார். சாப்பாட்டில் கல் கடித்தது போல அத்தையின் முகம் ஒரு கணம் மாறும்.

இன்று அந்தப் பட்டறை என் பொறுப்பில் இருக்கிறது. வேலைக்குச் சேரும் பெண்கள் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று அவர்களே கேட்கிறார்கள். கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்க யாருக்கும் வாயில்லாத தெருவில், சின்ன மாமாவுக்குக் கை போய்ச் சில வருஷம் கழித்துப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு பெண்ணுக்குக் கை நசுங்கியது. பெரியவர்கள் கூடி, அவள் நம் வீட்டுப் பெண் மாதிரி, கூலி கணக்கெல்லாம் எதற்கு, நாமே பார்த்துக்கொள்வோம் என்று பேசி முடிக்கிற நேரத்தில் சின்ன மாமா எழுந்தாராம். என் கணவர் அங்கே இருந்தார். வீட்டுக்கு வந்து, சின்ன மாமா பேசியதை அப்படியே அத்தையிடம் சொன்னார்.

"எங்க அண்ணி ஊருக்கு எதிர்ல என்னைக் கூலிக்காரன்னு சொன்னாங்க. அன்னிக்கு அவங்க அதைச் சொல்லலைன்னா இன்னிக்கு நான் உங்க வூட்டு வாசல்லல்லாம் கை நீட்டிக்கினு நிப்பேன். இந்தப் பொண்ணையும் கூலிக்காரின்னு சொல்லுங்கப்பா."

அத்தை நூல் கண்டைக் கீழே வைத்தார். அந்தப் பெண்ணுக்கு என்ன முடிவாயிற்று என்று கேட்பார் என்று நினைத்தேன். அதைப் பிறகு கேட்டார். முதலில் கேட்டது இதுதான்:

"அண்ணின்னா சொன்னாரு?"