வற்றக் காய்ச்சிய தண்ணீர்

எனக்குச் சட்டென்று கோபம் வரும். தண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் இருப்பவளுக்கு இது கூடாத பழக்கம். ஆனால் கோபப்படாமல் இந்த வேலையைச் செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று என்கிற உரச்சத்து கூடிக்கொண்டே போகிறது. தோட்டத்தில் கொட்டுகிற யூரியாவும் மலசலகூடக் குழிகளில் ஊறுவதும் நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் நேரே கிணற்றுக்குத்தான் இறங்குகின்றன. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தைக்கோ இரத்தத்தில் பிராணவாயு குறைந்து உதடு நீலம் பாரிக்கும். இதை ஊருக்குச் சொல்லுவோம் என்று நான் வாய் திறக்கும்போதெல்லாம், "சும்மா சனத்தைப் பயப்படுத்தாதேங்கோ" என்பார் மேலதிகாரி. அவர் வீட்டில் குடிப்பது கடையில் வாங்குகிற போத்தல் தண்ணீர்.

உரும்பிராயில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். வீட்டுக்கார ஐயா வாளியில் அள்ளி, என் கண் முன்னாலேயே மடக்கு மடக்கென்று குடித்துக் காட்டினார்.

"உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நாங்கள் வளர்ந்தனாங்கள்?"

"அந்தக் காலத்திலை நீங்கள் இவ்வளவு யூரியா போட்டனீங்களோ, ஐயா?" என்று கேட்டேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

அவருடைய மருமகள் தேத்தண்ணீர் தரக் குசினிக்குள் கூப்பிட்டாள். தோளில் குழந்தை. அடுப்பில் ஒரு சட்டித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைக்குப் பால்மா கரைக்க, அக்கா. கொதிக்க வைக்கச் சொல்லித்தான் எல்லா இடத்திலையும் எழுதிக் கிடக்கு. எனக்கு அதுவும் காணாது. கசாயம் மாதிரி அரைவாசியா வத்த விட்டுத்தான் எடுக்கிறனான்."

எவ்வளவு பெருமையோடு சொன்னாள்! கிணற்றுத் தண்ணீரோடு சட்டித் தண்ணீரிலும் ஒரு போத்தல் கேட்டு வாங்கினேன். முடிவு தெரியும்வரை கடைத் தண்ணீர் கொடுக்கும்படி சொன்னேன். "பச்சைப் பிள்ளைக்குக் கடைத் தண்ணியோ?" என்று ஐயா உள்ளே வந்து சிரித்தார்.

மறுநாள் முடிவு வந்தது. கிணற்றுத் தண்ணீரிலேயே நைத்திரேற்று குடிக்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது. சட்டியில் அதைப் போல இரண்டு மடங்கு. கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுக்கு உயிரா இருக்கிறது, சாவதற்கு? தண்ணீர் ஆவியாகப் போய்விடும், அது முழுக்கச் சட்டியிலேயே நிற்கும்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதம் போடுவம். எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்கு."

"கடிதம் போய்ச் சேருமட்டும் அந்தப் பிள்ளை என்னத்தைக் குடிக்கிறது, சேர்?"

அவருடைய கதிரைக்குப் பின்னால் சுவரில் எங்கள் அறிவித்தல் தொங்கியது: கொதித்தாறிய நீரையே பருகுங்கள். வேறு எந்தச் சொல்லும் அதில் இல்லை. அதை இழுத்துக் கிழித்திருக்க வேண்டும். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வீட்டுக்கு நான் போனபோது குழந்தை துவண்டுபோய்க் கிடந்தது. உதட்டைப் பார்த்ததும் ஓட்டோ பிடிக்கச் சொல்லிக் கத்தினேன். ஐயாதான் றோட்டுக்கு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, மருமகள் குழந்தையை இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நேற்று நீங்கள் போனாப்பிறகு பிள்ளை சோர்ந்து கிடந்தது, அக்கா. தண்ணியிலைதான் ஏதோ பிழையெண்டு நினைச்சு இன்னும் கூட வத்த விட்டனான்."

ஓட்டோக்காரரை இன்னும் வேகமாக விடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் குழந்தை தப்பிவிட்டது. அடுத்த நாள் பார்க்கப் போனேன். உதடு சிவந்து, பசியில் வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. தாதி ஒருத்தி அன்பாகச் சுடுதண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"பாலைக் கரையுங்கோ, அம்மா. நல்லாக் கொதிச்ச தண்ணி, பயப்பிடாதேங்கோ."

தாய் கை நீட்டவில்லை. குழந்தை அழ அழ, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.