சாக்குச் சொல்ல இடமில்லாத சோதனை

இன்ஸ்புருக் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், ஒளியைத் திருப்பும் கண்ணாடிகளுக்குப் பிடிகள் செய்வது ஹெர்லிண்டே க்ஸ்ட்ரைனின் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறாள். பட்டம் கிடையாது, அப்பாவின் கடைசல் பட்டறையில் பழகிய கை.

அங்கே ஒரு பொருளைச் சுமக்காமலே இன்னோரிடத்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். உண்மையில் பொருள் போவதில்லை. அதன் நிலை மட்டும், எதிர்ப்புறம் காத்திருக்கும் அதே மாதிரிப் பொருளுக்குப் போய்ச் சேரும், இங்கே அழிந்துவிடும். ஒற்றை அணுவுக்கு இது கைகூடியிருந்தது. டாக்டர் எகோன் ப்ளாட்னர் கண்ணுக்குத் தெரியும் துகளையே அனுப்பிக் காட்டுவதாகச் சொன்னார்.

ஏழு வருடத்துக்கு முன் அந்தச் சோதனை தோற்றது. வந்திருந்த விருந்தாளிகளிடம் அவர், "நம்ம மெக்கானிக் அம்மா செஞ்ச பிடி ஆடுது. ரொட்டியில வெண்ணெய் தடவுற கைக்கு இது கஷ்டம்தானே," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிடி ஆடவில்லை. அளந்து பார்த்தவள் அவள். அன்றிலிருந்து மதிய ரொட்டியைத் தனியாகவே தின்றாள்.

இந்த வருடம் ப்ளாட்னருக்குக் கடைசி வாய்ப்பு. தோற்றால், பணம் தரும் குழு திட்டத்தையே மூடிவிடும். வேறொருத்தி என்றால் ஒரு திருகைத் தளர்த்தியிருப்பாள். ஹெர்லிண்டே எல்லாவற்றையும் இறுக்கினாள். பதினோரு மாதம் ஒவ்வொரு பிடியாகக் கழற்றி, தேய்த்து, அளந்து, அளவுத்தாளில் ப்ளாட்னரிடமே கையெழுத்து வாங்கினாள். அந்த ஊரில் தலைவலி முதல் விவாகரத்து வரை எல்லாப் பழியும் மலையிறங்கும் தெற்குக் காற்றின் மேல்தான் விழும். அதனால் காற்று அடங்கிய நாளாகப் பார்த்துச் சோதனையை வைக்கச் சொன்னாள்.

"என்னைவிட உங்களுக்குத்தான் இதுல அக்கறை," என்று அவர் நெகிழ்ந்தார்.

"ஆமா டாக்டர். ஏழு வருஷமா."

அன்று நாற்பது முறை முயன்றார்கள். துகளில் கோடானுகோடி அணுக்கள். துளி வெப்பம் பட்டாலும் நிலை கலைந்துவிடும். நாற்பதும் தோல்வி. ப்ளாட்னர் தொண்டையைச் செருமிக்கொண்டு பிடிகளைப் பற்றி ஏதோ தொடங்கினார். அவர் கையெழுத்திட்ட தாள்களை ஹெர்லிண்டே, சோதனையைப் பார்க்க வந்திருந்த குழுத் தலைவியின் முன் வைத்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு தாளாகப் புரட்டி முடித்தார்.

"அப்போ பெரிய பொருளை அனுப்பவே முடியாதா?" என்று தலைவி அவளிடமே கேட்டார்.

"முடியாதுன்னு எந்த விதியும் இல்லைங்க," என்றாள் ஹெர்லிண்டே.

ப்ளாட்னர் முகத்தில் உயிர் வந்தது. அது முழுக்க வரட்டும் என்று காத்திருந்தாள்.

"இவரால முடியாது."