தூசி அளப்பவர்

நெடுஞ்சாலைப் பணியில் தூசியை அளந்து, ஒப்பந்த நிறுவனத்தின் சுற்றுச்சூழல் மதிப்பெண்ணுக்கு அறிக்கை எழுதுவது அவருடைய வேலை. அளவெடுக்கும் நாளில் மட்டும் தண்ணீர் லாரி முன்னதாக வந்து மண்ணை நனைத்துவிடும். பதினோர் ஆண்டுகளாக அவர் அதைக் கண்டுகொண்டதில்லை.

சாலையோரம் குடியிருந்த தங்கையின் கணவருக்கு நுரையீரல் நோய் முற்றியது.

"அண்ணே, அந்த மிஷினத் தூக்கிக்கிட்டு தினமும் வாயேன். நீ வர்ற அன்னைக்குத்தான் உன் மாப்பிள்ளை இருமாம தூங்குறாரு" என்றாள் தங்கை.

மறுநாள் அவர் யாருக்கும் சொல்லாமல் சென்று, காய்ந்த மண்ணில் அளந்தார். தூசி, அனுமதித்த வரம்பைப்போல் மூன்று மடங்கு இருந்தது. அதையே எழுதினார்.

"லாரி வர்றதுக்குள்ள என்னய்யா அவசரம்?" என்று கேட்டு நிறுவனத்தின் பொறியாளர் அறிக்கைத் தாளைக் கிழித்தார்; அளந்தவரின் வேலையும் போயிற்று.

புதியவர் பழைய அளவுகளையே அலுவலகத்திலிருந்து எழுதி அனுப்புகிறார். அளக்க ஆள் வராததால் சாலையில் தண்ணீரும் விழுவதில்லை. தங்கை வீட்டில் இருமல் ஒருநாளும் ஓய்வதில்லை.