பதினான்கு மாதம் வாய் திறக்காத அலாரம்

சத்தமில்லாத எதையும் மைமூன் நம்பமாட்டார். ரோவல் ரோட்டு வீட்டில் பிள்ளைகள் சற்று நேரம் அமைதியாக இருந்தாலே, என்ன வேலை நடக்கிறது என்று எட்டிப் பார்த்து வளர்த்தவர். துணைமின் நிலையங்களில் பாதுகாப்புத் தகவல்தொடர்புக் கருவிகளைப் பரிசோதிக்கும் வேலைக்கு அந்தக் குணம் தோதாக இருந்தது. பத்தொன்பது வருடமாக அதே வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை துவாஸ் துணைமின் நிலையத்தில் ஒரு பெட்டியின் பதிவேட்டைப் புரட்டினார். மின்பாதையில் கோளாறு வந்தால் 'உடனே துண்டி' என்று மறுமுனை நிலையத்துக்குச் சொல்லும் பெட்டி அது. உள்ளே இரண்டு பவர் சப்ளை. ஒன்று செத்தால் மற்றது தாங்கும். செத்த சேதியை அலாரம் ரிலே என்னும் சிறு சுவிட்ச் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். பதினான்கு மாதமாக அந்த ரிலே ஒரு முறைகூடக் கத்தவில்லை. பக்கத்துப் பெட்டியோ ஆறு முறை கத்தியிருந்தது.

"அதுல ஒன்னுமில்லக்கா. போன வருஷம் நான்தானே பார்த்தேன்," என்றான் தனசேகரன். எட்டு வருடமாக அவரோடு வேலை செய்பவன்.

மைமூன் இரண்டு பவர் சப்ளைகளின் மீதும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஒன்று கொதித்தது. இன்னொன்று சில்லென்று இருந்தது. பச்சை விளக்கு இரண்டிலும் எரிந்தாலும், சில்லென்றிருந்ததில் மீட்டரை வைத்தால் ஒரு வோல்ட்கூட வரவில்லை. பின்மூடியைக் கழற்றினார். ரிலேயின் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டியிருந்தது விரல் நீள நீல வயர் ஒன்று. இப்படிக் கட்டினால் ரிலே என்ன கத்தினாலும் கட்டுப்பாட்டு அறைக்கு 'எல்லாம் நலம்' என்றுதான் போகும். தொழில் தெரிந்த கை.

தனசேகரனின் கருவிப் பையில் அதே நீல வயர் ஒரு சுருள் கிடந்தது.

அவனிடம் ஒன்றும் சொல்லாமல், வெளியே போய் மேற்பார்வையாளர் அழகர்சாமியை போனில் அழைத்தார். "அண்ணே, ஒரு பவர் சப்ளை போயிருச்சு. அலாரத்தையும் யாரோ கட்டிப் போட்டிருக்காங்க."

"அப்படியா? ஸ்டோர்ல புதுசு ஒன்னு இருக்கு, அனுப்புறேன், மாட்டிடுங்க. அந்த நீல வயரைக் கழட்டிப் போட்டுடுங்க லா. ரிப்போர்ட்லாம் எதுக்கு?"

அன்றே புதியதை மாட்டி, அலாரம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மூன்று முறை சோதித்தார். ஆனால் மனம் ஆறவில்லை. தனசேகரன் வாங்கிக் கொடுத்த கோப்பி ஆறிப்போனது. அவன் ஒதுங்கிப் போய் போன் பேசினால் இவர் காது அங்கேதான் இருந்தது.

வியாழக்கிழமை மதியம், தேக்கா உணவங்காடியில், அவனே கேட்டான். "என்னக்கா, மூணு நாளா என்னையே முறைக்கிறீங்க?"

"அந்த நீல வயர் நீ போட்டதா?"

தனசேகரன் கையிலிருந்த புரோட்டாவைத் தட்டில் வைத்தான். "நான் பின்மூடியைத் தொடவே இல்ல. முன்பக்கம் மட்டும் பாரு, போதும்னு அழகர்சாமி அண்ணன்தான் சொன்னாரு. அந்த வயரும் அவர் குடுத்ததுதான், எல்லாருக்கும்."

மைமூனுக்கு அப்போதுதான் சுரீரென்றது. போனில் அழகர்சாமியிடம் வயரைப் பற்றியோ அதன் நிறத்தையோ இவர் சொல்லவே இல்லை.

நேரே அலுவலகம் போய்க் கேட்டார். அழகர்சாமி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சும்மா சும்மா அடிச்சுச்சு, மைமூன். புது பவர் சப்ளை வர்ற வரைக்கும்னுதான் அலாரத்தைக் கட்டினேன். அது வர மாசக்கணக்காச்சு. வந்தப்ப மறந்தே போச்சு. ஞாபகம் வந்தப்ப, வெளியே சொல்லப் பயம்."

அவர் எதிரிலேயே மைமூன் ரிப்போர்ட்டை எழுதினார், பெயரோடு. அடுத்த வாரம் அழகர்சாமியைக் களவேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"தப்பா நினைச்சுட்டேன் தம்பி," என்று தனசேகரனிடம் சொன்னார் மைமூன்.

"எட்டு வருஷம்க்கா," என்றான் அவன். முன்பெல்லாம் வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வருபவன், இப்போது ஓட்டுநருக்கு அருகில் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறான்.