கறுத்தால் அசல்

வடசேரி பேருந்து நிலையத்தில் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவரை வழிமறித்து, அவர் முகத்துக்கு நேரே தம் கைபேசியைப் பிடித்து, ஸ்டீயரிங்கைப் போல மெல்லத் திருப்புகிறார் பிரிஜா டீச்சர்.

"திரை கறுத்துச்சா?"

"இல்ல டீச்சரே. போலராய்டுன்னு சொல்லித்தானே தந்தான்!"

"போலராய்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. கறுப்புச் சாயம் அடிச்ச பிளாஸ்டிக்காக்கும். கொண்டு போய் மாத்தும்."

இதற்குள் அவர் ஏறவேண்டிய பேருந்து போய்விட்டது. அது இயற்பியலில் வராததால் டீச்சர் கவனிக்கவில்லை.

இரணியல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறார். ரேடியோ அலை முதல் காமா கதிர் வரை மின்காந்த அலைகள் அனைத்தையும் சொந்தக்காரர்களைப் போல அறிவார் என்றாலும், உயிரை வைத்திருப்பது ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்கும் தளவிளைவு மீதுதான். சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். போலராய்டு கண்ணாடி ஒரு பக்கத்து அதிர்வை மட்டும் உள்ளே விடும். கைபேசித் திரையின் ஒளியோ ஏற்கெனவே ஒரே தளத்தில் அதிர்வது. ஆகவே திருப்பத் திருப்ப ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். போலிக் கண்ணாடியில் ஒன்றும் ஆகாது. வகுப்பில் இதற்காக ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கிணற்றுக் கயிற்றைக் கோத்து ஆட்டுவார். மேலும் கீழும் ஆட்டினால் அலை கடக்கும். பக்கவாட்டில் ஆட்டினால் கம்பியில் முட்டி நிற்கும்.

கணவர் ரசலையனின் குறட்டைக்கும் அவரிடம் விளக்கம் உண்டு. "ஒலி நெட்டலையாக்கும், போற திசையிலேயே முன்னும் பின்னும் அதிரும். அதத் தளவிளைவு செய்ய முடியாது. எந்தக் கம்பி வெச்சாலும் கடந்து வந்துரும்."

டீச்சர் வழியிலுள்ள கொட்டாரம் ஊரைத் தாண்டிவிட்டார் என்று தகவல் வந்தாலே, கன்னியாகுமரிக் கடற்கரையில் கண்ணாடி விற்பவர்கள் கடைகளைத் தார்ப்பாயால் மூடிவிடுவார்களாம். ஒருமுறை அப்படி மூடியபோது விழுந்த இருட்டைக் கிரகணம் என்று எண்ணி, ஒரு பேருந்துக் கூட்டம் கடலில் இறங்கி முழுக்குப் போட்டதாகக் கேள்வி. நான் பார்க்கவில்லை, சொன்னவரை நம்புகிறேன்.

இந்தச் சோதனையால் டீச்சரின் தங்கை அஜிதாவின் வரன் ஒன்று முறிந்தது. பெண் பார்க்க வந்தவரின் கண்ணாடியை எல்லார் முன்னும் போலி என்று நிரூபிக்க, அவர் நேந்திரங்காய் வற்றலைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். "கண்ணாடிதானே அக்கா போலி, ஆளா போலி?" என்று அழுதாள் அஜிதா.

சென்ற மாதம் துபாயில் வேலை பார்க்கும் அனிஷ் பெண் பார்க்க வந்தார். புகைப்படத்திலேயே அஜிதாவுக்குப் பிடித்துவிட்டது. "ஃபோன வெளிய எடுத்தியானா நான் உனக்க தங்கச்சியே இல்ல, பாத்துக்க" என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

டீச்சர் எடுக்கவில்லை. எடுக்க வைத்தது அனிஷின் அம்மா செல்லபாய்.

"டீச்சரே, எனக்க மோனுக்க கண்ணாடிய ஒண்ணு நோக்கிச் சொல்லும். துபாயில வாங்கினதாக்கும், ஒரிஜினல்! உங்கள அறிஞ்சுதான் போட்டுட்டு வரச் சொன்னேன்."

அனிஷும் முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.

பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் நான் டீச்சரின் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். திரை மாப்பிள்ளையைப் பார்த்தது. கைபேசியின் முதுகு மற்றவர்களைப் பார்த்தது. டீச்சர் திருப்பத் தொடங்கினார். நின்ற கைபேசி சாய்ந்தது, பிறகு படுத்தது. கறுக்கவில்லை என்பது மாப்பிள்ளையின் புருவத்திலேயே தெரிந்தது. கதவருகே டீ கிளாஸ்களோடு நின்ற அஜிதா அக்காவை முறைத்தாள்.

"என்ன மக்கா, கறுத்துச்சா?" என்றார் செல்லபாய்.

"இல்லம்மா, அது..."

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் முழுசாத் திரும்பல்ல" என்றார் டீச்சர்.

கைபேசியை இன்னும் ஒரு நூல் திருப்பினார். கட்டைவிரல் மட்டும் தனியே நகர்ந்து போய், ஓரத்திலிருந்த பொத்தானை அமுக்கித் திரையை அணைத்தது.