செட் மாத்திரை

உளுந்து அடிக்கிற மிஷினோடு ஊர் ஊராகப் போவது என் பிழைப்பு. பசுவந்தனைப் பக்கம் தொடங்கினால் எட்டயபுரம் சுற்றி முடியும்வரை தூசிக்குள்தான் நிற்க வேண்டும். அந்தத் தூசி எனக்கு ஆகாது. முதலில் தும்மல், பிறகு கண் அரிப்பு, பொழுது சாயும்போது நெஞ்சில் விசில் சத்தம்.

வழியில் ஓர் ஊரில் மருந்துக்கடை இருந்தது. மூச்சு வாங்குகிறது என்றால் கடைக்காரன் செட் தருவான். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட். என்ன மருந்து என்று அவனும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போட்டால் மூச்சு திறந்துவிடும். மொத்தமாக வாங்கி வைத்து ஒரு வருடத்துக்கு மேல் தினமும் போட்டேன். முகம் உருண்டது, தொப்பை வைத்தது.

"என்னடே, மாமியா வீட்டுச் சாப்பாடா? ஆளு தேறிட்டியே!" என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள்.

தேறிவிட்டேன் என்று நானும் நம்பி, மாத்திரையை ஒரேயடியாக விட்டேன். சில நாளில் வாந்தி, கிறுகிறுப்பு. எழுந்து நிற்க முடியவில்லை. அப்புறம் மூச்சும் அடைத்தது. லோடு வண்டியில் போட்டுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஊசி போட்டு என்னை உட்காரவைத்த டாக்டரம்மா, என் சட்டைப் பையில் மிஞ்சியிருந்த பொட்டலத்தை மேஜையில் கொட்டினார்.

"இது மூச்சுக்குழாயைச் சுத்தியிருக்கிற தசையைத் தளர்த்தும். அதான் உடனே மூச்சு வருது. இது தும்மலுக்கு. தூசி பட்டா உடம்பு ஹிஸ்டமின்னு ஒண்ணை அவுத்துவிடும், தும்மலும் அரிப்பும் அதாலதான். அது போய் ஒட்டுற இடத்துல இந்த மருந்து முந்தி உக்காந்துக்கும். இந்தச் சின்னது ஸ்டீராய்டு. குழாய்க்குள்ள வீக்கத்தை அடக்கும். நல்ல மருந்துதான், இப்படித் திங்கக் கூடாது."

அந்த ஸ்டீராய்டைப் போன்ற ஒன்றைச் சிறுநீரகத்துக்கு மேலேயுள்ள சுரப்பி தானே சுரக்குமாம். தினமும் வெளியிலிருந்து வந்தால் அது வேலையை நிறுத்திவிடும். நான் திடீரென விட்டதும் வெளியிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். கையில் இன்ஹேலர் கொடுத்தார். அதிலும் ஸ்டீராய்டு உண்டு, ஆனால் துளியளவு, நேரே நுரையீரலுக்குப் போவது.

எட்டாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. இதைச் சொல்ல அந்தக் கடைக்காரனுக்கு வாய் வரவில்லை. நடக்கத் தெம்பு வந்ததும் பஸ் ஏறி அவன் கடைக்குப் போனேன்.

"என்னத்தலே குடுத்த எனக்கு?"

"ஏன் அண்ணாச்சி சத்தம் போடுதீங்க? மூச்சு வாங்குதுன்னீங்க, குடுத்தேன். நின்னுச்சா இல்லியா?"

சட்டையைப் பிடிக்கக் கை போனது. பின்னாலிருந்து ஒரு பெண் என் தோளைத் தள்ளினாள். "சண்டைய அங்கன போய்ப் போடுங்க. எனக்கு செட் வாங்கணும்." ஆடு மேய்க்கிறவள், கையில் தொரட்டி. என் முகத்தைப் போலவே உருண்ட முகம். எவ்வளவு காலமாகப் போடுகிறாள் என்று கேட்டேன். நினைவில்லை என்றாள்.

கொடுக்காதே என்று கத்தத்தான் வந்திருந்தேன். இன்றைக்கு அவளுக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

"அவியளுக்குக் குடு," என்றேன் அவனிடம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் சிரித்தான்.

அவளிடம், "யக்கா, இத நிறுத்திராதீங்க. ஆனா திங்கக்கெழம கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்தப் பொட்டலத்தோட போங்க," என்றேன்.

"ஆட்ட யாரு மேய்ப்பா? ஒங்கப்பனா?"

திங்கட்கிழமை நான் மேய்த்தேன். வெயிலில், துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, அந்தக் கடைக்காரனுக்குச் சேர வேண்டிய கெட்ட வார்த்தைகளை எல்லாம் ஆடுகளிடம் சொல்லிக்கொண்டு.