ரேடியோவுக்குத் தலை அலசியவள்

முடிவெட்டும் கடை வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு ரேடியோ என்று பட்டப்பேர் வைத்தது அவள் நாத்தனார்தான். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. வருகிறவர்கள் முடியைக் கொடுத்துவிட்டு ஊர்வம்பை வாங்கிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து படுத்தாள். மனச்சோர்வு என்றார்கள். மாத்திரைகள் உள்ளே போயினவே தவிர, மாதக்கணக்கில் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பிறகு சாப்பாடும் நின்றது. புருஷன் பயந்துபோய் தன் அக்காவுக்கு, அதாவது அந்த நாத்தனாருக்கு, போன் போட்டான்.

அக்காவுக்கும் ரேடியோவுக்கும் பேச்சு அறுந்து வருஷக்கணக்காகிறது. ஒரு கல்யாணத்துக்காக முடிவெட்டிக்கொள்ள வந்தவளுக்கு ரேடியோ காது தெரிய ஒட்ட வெட்டிவிட்டு, "இப்பதான் அண்ணி உங்க முகமே தெரியுது, அதுதான் பிரச்சினை" என்று வேறு சொல்லியிருந்தாள். லேசில் மறக்கிற விஷயமா அது? இருந்தாலும் தம்பி கூப்பிட்டதும் வந்து நின்றாள்.

மயக்கம் கொடுத்து, தலையில் கொஞ்சம் மின்சாரம் பாய்ச்சுவோம், மயக்க மருந்தோடு கெட்டமைன் என்கிற மருந்தும் சேர்ப்போம் என்றார் டாக்டர். "சில பேருக்கு நல்லாக் கேக்குது. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஞாபகம் விட்டுப்போகலாம்."

"முடிவெட்டின சண்டை ஒண்ணு இருக்கு டாக்டர். அது மட்டும் போகுமா?" என்றாள் நாத்தனார்.

"எது போகணும்னு நாம கேட்டு வாங்க முடியாதும்மா."

ஒவ்வொரு முறையும் தலை சுத்தமாக இருக்க வேண்டும். அலசிவிடும் வேலை நாத்தனார் தலையில் விழுந்தது. அவளுக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் உத்தியோகம். துவைத்ததை மெதுமெதுவென்று ஆக்காமல் விட்டால் அவளுக்குக் கை அரிக்கும். முதல் நாள் அரை பாட்டில் கண்டிஷனரைக் கவிழ்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மின்சாரம் பாய்ச்சும் பட்டை முடியில் வழுக்கிக்கொண்டே போனது. நர்ஸ் முறைத்தபடி மறுபடி அலச அனுப்பினார்.

"டவல் மாதிரி பதமா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்று முனகினாள் நாத்தனார்.

பழைய ரேடியோவாக இருந்தால் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாள். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மயக்கம் தெளியும்போது புருஷனைப் பார்த்து, "உங்களுக்கு மூணு மூக்கு" என்றாள் ரேடியோ. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பேசுவது மருந்து, அவசரப்பட்டுச் சந்தோஷப்படாதீங்க என்றார் நர்ஸ். வீட்டுக்கு வந்ததும் மறுபடி அதே சுவர்தான்.

சிகிச்சை தொடர்ந்தது. நாத்தனாரும் சளைக்காமல் அலசினாள். கஞ்சி இரண்டு வாய் இறங்க ஆரம்பித்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு நாள் காலை வழக்கம்போல் குளியலறையில் குனியவைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துக்குள்ள தண்ணி போகுது அண்ணி."

நாத்தனாரின் கை நின்றது.

"இது தலையா, மெத்தை விரிப்பா? அன்னிக்கு உங்களுக்கு மொட்டையே அடிச்சு விட்டிருக்கணும்."

பாவி, ஒன்றையும் மறக்கவில்லை. நாத்தனார் நுரைக் கையோடு கூடத்துக்கு ஓடினாள். தம்பி பதறி எழுந்தான்.

"என்னைத் திட்டறாடா" என்றாள். அதற்குமேல் முடியாமல் அவன் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நுரையோட விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று உள்ளேயிருந்து ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.